எலிக்கு வந்தா நமக்கும் வருமா? சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆய்வில் விலங்குகள் சொன்னதும், சொல்லாததும்

புது மருந்து எதுவாக இருந்தாலும் முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மனிதர்களுக்கு. பல பத்தாண்டுகளாக மருத்துவ உலகம் பின்பற்றி வந்த விதி இதுதான். அந்த விதி இப்போ மாறத் தொடங்கியிருக்கிறது.

2025 ஏப்ரல் 10-ம் தேதி, அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மோனோகுளோனல் ஆன்டிபாடி வகை மருந்துகளில் தொடங்கி, விலங்குப் பரிசோதனையைப் படிப்படியாகக் குறைக்கப் போவதாக அது சொன்னது. அதற்குப் பதிலாக, கணினி மாதிரிகள், ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனித செல்கள், குட்டி உறுப்புகள் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் தரவுகளை ஏற்கப்போவதாகவும் அறிவித்தது.

இதற்கு இரண்டு விதமான பதில்கள் வந்தன. "நல்ல முடிவு, எலியில் வேலை செய்த மருந்தில் பத்தில் ஒன்பது மனிதனிடம் தோற்கத்தான் செய்கிறது" என்பது ஒரு தரப்பு. "விலங்கு இல்லாமல் நேரடியாக மனிதனிடம் போனால், விபரீதம் நடந்தால் யார் பொறுப்பு?" என்பது இன்னொரு தரப்பு.

இதில் எது சரி? பொதுவாகப் பேசினால் பதில் கிடைக்காது. ஒரே ஒரு நோயை எடுத்துப் பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். அதற்குப் பொருத்தமான நோய், சிறுநீர்ப்பைப் புற்றுநோய். இந்த ஒரு நோயில் விலங்குகள் உண்மையைச் சொல்லியிருக்கின்றன. பொய்யான பீதியையும் கிளப்பியிருக்கின்றன. இந்தியாவில் லட்சக்கணக்கான சர்க்கரை நோயாளிகள் சாப்பிட்ட ஒரு மாத்திரையைக் கேள்விக்குறியாக்கியும் இருக்கின்றன.

விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், இது என்ன நோய்?

சிறுநீரகத்திலிருந்து வரும் சிறுநீரைச் சேமித்து வைக்கும் பைதான் சிறுநீர்ப்பை. அதன் உள்பக்கச் சுவரில் இருக்கும் செல்களில் தொடங்கும் புற்றுநோய் இது.

2022-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 6 லட்சத்து 14 ஆயிரம் பேருக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்டது. சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் பேர் இறந்தனர். உலகில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் இது 9-வது இடத்தில் இருக்கிறது. பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று, நான்கு மடங்கு அதிகமாக வருகிறது. முக்கியக் காரணம் புகைப்பழக்கம். ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் வருவது அதனால்தான்.

நோயைக் கண்டுபிடிக்கும்போது நான்கில் மூன்று பேருக்குக் கட்டி மேலோட்டமாகவே இருக்கும். தசைக்குள் இறங்கியிருக்காது. இவர்களுக்கு உயிர் ஆபத்து குறைவு. ஆனால் கட்டி திரும்பத் திரும்ப வரும். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை கேமரா குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். வருஷக்கணக்கில் மருத்துவமனைக்கு அலைய வேண்டும்.

மீதி நான்கில் ஒருவருக்குக் கட்டி தசைக்குள் போயிருக்கும். அப்படியானால் பல நேரங்களில் சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டிவரும். நல்ல மருந்து வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்று நோயாளிகள் காத்திருப்பது இதனால்தான். அந்த மருந்தை எதில் சோதிப்பது என்பதுதான் விவாதமே.

நாய் காட்டிய முதல் ஆதாரம்

கதை 1895-ல் ஜெர்மனியில் தொடங்குகிறது. ஃபிராங்பர்ட் நகரின் அறுவை மருத்துவர் லுட்விக் ரென், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கவனித்து அறிவித்தார். சாயத்துக்குப் பயன்படும் ரசாயனங்கள்தான் காரணமாக இருக்கும் என்பது அவரது சந்தேகம்.

ஆனால் எந்த ரசாயனம்? நிரூபிப்பது எப்படி? எலிகளுக்கும் முயல்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரவில்லை. "பாருங்க, ஒன்னும் ஆகலையே" என்று சொல்லிவிட இது வசதியாகப் போயிற்று.

1938-ல் வில்ஹெல்ம் ஹியூப்பரும் அவரது சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பீட்டா நாஃப்தைலமின் என்ற சாயத் தொழில் ரசாயனத்தை நாய்களுக்குத் தொடர்ந்து கொடுத்தபோது, அவற்றின் சிறுநீர்ப்பையில் கட்டிகள் வந்தன. 43 ஆண்டுகளாகச் சந்தேகமாக இருந்ததற்கு அன்றுதான் ஆய்வக ஆதாரம் கிடைத்தது.

எலிக்கு வராதது நாய்க்கு ஏன் வந்தது? காரணம் கல்லீரலில் இருக்கிறது. இந்த வகை ரசாயனங்களை அசிடைலேஷன் என்ற வேதிமாற்றத்தின் மூலம் உடல் செயலிழக்கச் செய்கிறது. நாய்களுக்கு அந்த வேலையைச் செய்யும் மரபணுக்களே கிடையாது. அதனால் நச்சு அப்படியே சிறுநீருக்குப் போகிறது. அங்கே மணிக்கணக்கில் தங்கி, பையின் சுவரைத் தாக்குகிறது.

மனிதர்களிலும் இந்த வேதிமாற்றம் சிலருக்கு வேகமாக நடக்கும், சிலருக்கு மெதுவாக நடக்கும். மெதுவாக நடப்பவர்கள் புகைபிடித்தால் அவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது. இதே பீட்டா நாஃப்தைலமின் சிகரெட் புகையிலும் இருக்கிறது என்பதுதான் இதில் முக்கியம்.

இருந்தாலும் நாய் ஆதாரம் வந்த உடனே தொழிற்சாலைகள் மாறிவிடவில்லை. 1954-ல் ராபர்ட் கேஸ் தலைமையிலான குழு பிரிட்டன் சாயத் தொழிலாளர்களை நேரடியாக ஆய்வு செய்து உறுதிப்படுத்தியது. பிரிட்டனில் சட்டரீதியான தடை வந்தது 1967-ல். முதல் சந்தேகத்துக்கும் தடைக்கும் நடுவே 72 ஆண்டுகள். அத்தனை காலமும் வேலை செய்தவர்கள் தொழிலாளர்கள்தான்.

இந்தக் கதையில் எலியை மட்டும் நம்பியிருந்தால் பதில் இன்னும் தள்ளிப் போயிருக்கும். சரியான விலங்கு கிடைத்ததால் ஆதாரம் கிடைத்தது.

எலி கிளப்பிய பொய் பீதி: சாக்கரின்

இப்போ இதற்கு நேர்மாறான கதை.

சாக்கரின், 1879-ல் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கை இனிப்பு. சர்க்கரையைவிடச் சுமார் 300 மடங்கு இனிப்பானது. குச்சி ஐஸ், சர்பத் என்று பேச்சு வந்தால் நம்மூரிலும் அடிபடும் பெயர்தான்.

1977-ல் கனடாவில் நடந்த ஆய்வில், சாக்கரின் கலந்த உணவு சாப்பிட்ட எலிகளுக்கு, குறிப்பாக ஆண் எலிகளுக்கு, சிறுநீர்ப்பையில் கட்டிகள் வந்தன. அமெரிக்கச் சட்டப்படி, விலங்குக்குப் புற்றுநோய் தரும் எந்தச் சேர்பொருளையும் உணவில் அனுமதிக்கக் கூடாது. எனவே எஃப்.டி.ஏ தடையை முன்மொழிந்தது. மக்கள் கொந்தளித்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்டுத் தடையை நிறுத்தி வைத்தது. பதிலாக, "இதில் உள்ள சாக்கரின் ஆய்வக விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாகக் கண்டறியப்பட்டுள்ளது" என்ற பொருளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது.

ஆனால் எலிகளுக்குக் கொடுத்த அளவு எவ்வளவு தெரியுமா? உணவின் எடையில் 5 சதவீதம். ஒரு நாளைக்கு ஒரு கிலோ சாப்பாடு சாப்பிடும் மனிதர், அதில் 50 கிராம் சாக்கரின் கலந்து தினமும் சாப்பிடுவதற்குச் சமம். இனிப்புக் கணக்கில் அது 15 கிலோ சர்க்கரை!

அளவு மட்டும் காரணமில்லை. எலியின் உடம்பே காரணம் என்று பிறகு தெரிந்தது. எலியின் சிறுநீர் மிகவும் அடர்த்தியானது. ஆண் எலியின் சிறுநீரில் புரதமும் அதிகம். அதில் கால்சியம், பாஸ்பேட் நிறைய இருக்கும். சோடியம் சாக்கரின் பெரிய அளவில் சேரும்போது இவையெல்லாம் சேர்ந்து நுண்ணிய படிகங்களாக உறைகின்றன. அந்தப் படிகங்கள் பையின் சுவரை உரசிப் புண்ணாக்குகின்றன. புண் ஆற செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. பெருகிப் பெருகிக் கட்டியாகிறது. மனிதனின் சிறுநீரில் இந்த நிலைமை இல்லை.

குரங்குகளுக்கு 24 ஆண்டுகள் வரை சாக்கரின் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 1998-ல் வெளியானது. சிறுநீர்ப்பைக் கட்டி வரவில்லை. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளும் அதையே சொன்னன. 2000-ம் ஆண்டில் அமெரிக்க அரசு சாக்கரினைப் புற்றுநோய்ப் பொருள்கள் பட்டியலிலிருந்து நீக்கியது. எச்சரிக்கை வாசகமும் போனது. 23 ஆண்டு பீதி முடிவுக்கு வந்தது.

இங்கே எலி பொய் சொல்லவில்லை. எலிக்கு நிஜமாகவே புற்றுநோய் வந்தது. "எலிக்கு எப்படி வந்தது, அந்த வழி மனிதனிடம் இருக்கிறதா?" என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான் கோளாறு.

இந்தியாவில் கேள்விக்குள்ளான சர்க்கரை மாத்திரை

மூன்றாவது கதை நம் வீட்டு மருந்துப் பெட்டிக்கு நெருக்கமானது.

பயோகிளிட்டசோன் என்பது டைப் 2 சர்க்கரை நோய்க்கான மாத்திரை. அமெரிக்காவில் 1999-ல் அனுமதி பெற்றது. விலை குறைவு என்பதால் இந்தியாவில் ஏராளமானோர் சாப்பிட்டார்கள். ஆனால் அனுமதிக்கு முந்தைய சோதனையிலேயே ஒரு நெருடல் இருந்தது. ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்திருந்தது. பெண் எலிகளுக்கு வரவில்லை. சுண்டெலிகளுக்கும் வரவில்லை.

சாக்கரின் கதையிலாவது அளவு மிக அதிகம் என்று தள்ளிவிடலாம். இங்கே அப்படித் தள்ள முடியவில்லை. உடல் பரப்பளவுக் கணக்கில் பார்த்தால், மனிதர்களுக்குக் கொடுக்கும் அதிகபட்ச அளவுக்குச் சமமான அளவிலேயே ஆண் எலிகளுக்குக் கட்டி வந்தது.

2011-ல் பிரான்ஸ் இந்த மருந்தை நிறுத்தி வைத்தது. எஃப்.டி.ஏ எச்சரிக்கை சேர்த்தது. 2013 ஜூன் மாதம் இந்திய சுகாதார அமைச்சகம் இதன் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் தடை விதித்தது. மருத்துவர்கள் மத்தியில் பெரிய எதிர்ப்பு. விலை குறைந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோயாளிகள் என்ன செய்வார்கள் என்று கேட்டார்கள். அதே ஆண்டு ஜூலை கடைசியில் தடை விலக்கப்பட்டது. தெளிவான எச்சரிக்கையோடு விற்கலாம், ஆனால் முதல் தேர்வு மருந்தாகக் கொடுக்கக் கூடாது என்று நிபந்தனை வந்தது.

அப்போ மனிதர்களிடம் என்ன தெரிந்தது? அமெரிக்காவில் 1,93,099 பேரின் தரவுகளைக் கொண்டு நடந்த நீண்டகால ஆய்வு 2015-ல் வெளியானது. ஆபத்து குறிப்பிடத்தக்க அளவு கூடியதாக அது காட்டவில்லை. வேறு சில ஆய்வுகள் சிறிய அளவில் ஆபத்து கூடுவதாகக் காட்டின. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த எஃப்.டி.ஏ, 2016 டிசம்பரில், "ஆபத்துக்கும் மருந்துக்கும் தொடர்பு இருக்கலாம்" என்ற நிலைப்பாட்டை எடுத்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இருப்பவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்பது இன்றும் விதி.

சாக்கரின் போலத் தெளிவான விடுதலையும் இல்லை, சாய ரசாயனம் போலத் தெளிவான குற்றச்சாட்டும் இல்லை. எலி எழுப்பிய ஒரு கேள்விக்கு மனிதர்களிடம் பதில் தேட 15 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. தற்போது இந்த மாத்திரையைச் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.

இப்போ லேப்ல என்ன நடக்குது?

இதுவரை பார்த்தது "எது புற்றுநோயை உண்டாக்கும்" என்று கண்டுபிடிக்கும் சோதனை. "எது குணமாக்கும்" என்று தேடும் சோதனை வேறு. அதில் பெரும்பாலும் பயன்படுவது சுண்டெலி. பொதுவாக நான்கு வழிகள்.

• ரசாயன வழி: பி.பி.என் என்ற ரசாயனத்தைக் குடிநீரில் கலந்து கொடுப்பார்கள். சுமார் 20 வாரங்களில் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் உருவாகும். மெதுவாக நடந்தாலும், தசைக்குள் இறங்கும் மனிதப் புற்றுநோயோடு மரபணு அளவில் நிறைய ஒத்துப்போகிறது.

• எலிக் கட்டியை எலியில் வளர்ப்பது: எம்.பி-49 என்ற சுண்டெலிப் புற்றுநோய் செல்கள் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளன. எலிக்கு நோய் எதிர்ப்பு சக்தி முழுசா இருப்பதால் இம்யூனோதெரபி மருந்துகளைச் சோதிக்கலாம்.

• மனிதக் கட்டியை எலியில் வளர்ப்பது: நோயாளியிடமிருந்து எடுத்த கட்டித் துண்டை, நோய் எதிர்ப்பு சக்தி இல்லாத எலியில் வைப்பார்கள். கட்டி மனிதனுடையது என்பது பலம். எதிர்ப்பு சக்தியே இல்லாததால் இம்யூனோதெரபியைச் சோதிக்க முடியாது என்பது பலவீனம்.

• மரபணு மாற்றிய எலி: சிறுநீர்ப்பைச் செல்களில் மட்டும் குறிப்பிட்ட மரபணுக்களை நீக்கியோ சேர்த்தோ, எந்த மாற்றம் நோயைத் தொடங்கி வைக்கிறது என்று பார்ப்பது.

ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குத்தான் சரியாகப் பதில் சொல்லும். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும் எலி என்று ஒன்று கிடையாது.

சுண்டெலியின் சிக்கல்கள்

மனிதனின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லி வரை பிடிக்கும். சுண்டெலியின் பை ஒரு மில்லிகூடப் பிடிக்காது. அதற்குள் மெல்லிய குழாய் விட்டு மருந்து செலுத்த வேண்டும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இந்தக் குழாயை ஆண் எலிக்குச் செலுத்துவது ரொம்பக் கஷ்டம். அதனால் இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் பெண் எலிகளிலேயே நடக்கின்றன. ஆனால் நோய் அதிகம் தாக்குவது ஆண்களை! ஆணுக்கு ஏன் அதிகம் வருகிறது, ஆணுக்கு மருந்து எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விகள் இதனால் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

இன்னொன்று வயது. மனிதர்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் முதுமையில் வருகிறது. ஆய்வக எலிகளோ இளசுகள். ஒரே வம்சம், ஒரே சாப்பாடு, சுத்தமான கூண்டு. பீடியும் இல்லை, பி.பி.யும் இல்லை. நிஜ நோயாளி அப்படியா இருக்கிறார்?

அப்படின்னா சுண்டெலியால் பயனே இல்லையா?

இருக்கிறது. 2023-ல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு அதற்கு நல்ல உதாரணம்.

வயதான ஆண்களின் சில செல்கள் ஒய் குரோமோசோமை இழந்துவிடுகின்றன. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க் கட்டிகளிலும் இது நடக்கிறது. இதனால் என்ன ஆகும்? ஆய்வாளர்கள் ஒய் உள்ள எம்.பி-49 செல்களையும், ஒய் இல்லாத செல்களையும் சுண்டெலிகளில் வளர்த்தார்கள். ஒய் இல்லாத கட்டி வேகமாக வளர்ந்தது. ஆனால் நோய் எதிர்ப்பு சக்தி இல்லாத எலியில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இதன் பொருள், ஒய் இழந்த கட்டி எதிர்ப்பு சக்தியைத் தளர வைத்துத் தப்பிக்கிறது என்பதுதான். அதே சமயம், இம்யூனோதெரபி மருந்துக்கு அந்தக் கட்டிதான் நன்றாகக் கட்டுப்பட்டது. நோயாளிகளின் தரவுகளும் இதே திசையைக் காட்டின. முழு எதிர்ப்பு சக்தியுள்ள ஓர் உடல் இல்லாமல், கண்ணாடித் தட்டில் இந்த உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

பிசிஜி: விலங்கிலிருந்து நோயாளிக்கு வந்த வெற்றி

பிறந்த குழந்தையின் தோளில் காசநோய்க்காகப் போடும் அதே பிசிஜி தடுப்பூசி, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் மருந்து. சென்னை கிண்டியில் 1948-ல் தொடங்கப்பட்ட பிசிஜி ஆய்வகத்தால் தமிழ்நாட்டுக்கு ரொம்பப் பழகிய பெயர் இது.

1959-ல் பிசிஜி கொடுக்கப்பட்ட சுண்டெலிகள் கட்டியை எதிர்த்து நிற்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடுத்து கினி பன்றிகளில் நடந்த ஆய்வுகள் மூன்று நிபந்தனைகளைச் சொன்னன. கட்டி சிறிதாக இருக்க வேண்டும், மருந்து கட்டியை நேரடியாகத் தொட வேண்டும், அளவு போதுமானதாக இருக்க வேண்டும். பிறகு நாய்களின் சிறுநீர்ப்பைக்குள் பிசிஜியைச் செலுத்தி, அங்கே எதிர்ப்பு சக்தி தூண்டப்படுவதைப் பார்த்தார்கள்.

மேலோட்டமான சிறுநீர்ப்பைக் கட்டிக்கு இந்த மூன்று நிபந்தனைகளும் அப்படியே பொருந்தின. 1976-ல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் மருத்துவர் அல்வாரோ மொராலஸ் 9 நோயாளிகளுக்குக் கொடுத்த சிகிச்சையின் முடிவை வெளியிட்டார். கட்டி திரும்ப வருவது குறைந்தது. வாரம் ஒருமுறை, 6 வாரம் என்று அவர் பின்பற்றிய கணக்குதான் இன்றும் தொடக்கச் சிகிச்சை முறை. 1990-ல் எஃப்.டி.ஏ அனுமதி கிடைத்தது. இது ஏன் வேலை செய்கிறது என்பதில் டி செல்களின் பங்கைக் காட்டியதும் சுண்டெலி ஆய்வுகள்தான்.

ஆய்வக விலங்கு அல்ல, நோயாளி நாய்!

விலங்கு ஆய்வு என்றாலே கூண்டுதான் நினைவுக்கு வரும். ஆனால் இன்னொரு வழியும் இருக்கிறது. வீட்டில் வளரும் நாய்களுக்கு இந்தப் புற்றுநோய் இயற்கையாகவே வருகிறது. ஸ்காட்டிஷ் டெரியர் இன நாய்களுக்கு, கலப்பின நாய்களைவிடச் சுமார் 18 முதல் 20 மடங்கு ஆபத்து அதிகம்.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் டெபோரா நாப் தலைமையிலான குழு பல ஆண்டுகளாக இதை ஆய்வு செய்கிறது. இந்த நாய்களுக்கு யாரும் புற்றுநோயைக் கொடுப்பதில்லை. நோயோடு வரும் நாய்க்கு, உரிமையாளரின் சம்மதத்தோடு புதிய சிகிச்சை கொடுக்கிறார்கள். குணமானால் நாய்க்கும் லாபம், ஆய்வுக்கும் லாபம்.

நாய்க்கு வயதான காலத்தில் நோய் வருகிறது. கட்டி தசைக்குள் இறங்குகிறது, மற்ற உறுப்புகளுக்குப் பரவுகிறது. எதிர்ப்பு சக்தி முழுமையாக இருக்கிறது. மனிதர்களோடு ஒரே வீட்டில், ஒரே காற்றில் வாழ்கிறது. களைக்கொல்லி தெளித்த புல்வெளியில் புழங்கிய ஸ்காட்டிஷ் டெரியர்களுக்கு ஆபத்து கூடுவதாக 2004-ல் வெளியான ஆய்வு சொன்னது. இதெல்லாம் சுண்டெலியால் சொல்ல முடியாத விஷயங்கள்.

ஆனால் நாயும் மனிதனின் நகல் இல்லை. நாய்களின் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் பிராஃப் என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருக்கிறது. மனிதர்களின் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் அது அரிது. மனிதரில் ஆண்களுக்கு அதிகம் வரும் நோய், நாய்களில் பெண்களுக்குச் சற்று அதிகம்.

மாடுகளும் இந்த வரிசையில் உண்டு. மலைப்பகுதிகளில் பிராக்கன் எனும் பெரணிச் செடியைத் தொடர்ந்து மேயும் மாடுகளுக்குச் சிறுநீரில் ரத்தம் போகும், சிறுநீர்ப்பையில் கட்டி வரும். இமயமலை மாநிலங்களில் நன்கு அறியப்பட்ட கால்நடை நோய் இது. அந்தச் செடியில் உள்ள டகிலோசைடு என்ற நச்சுதான் காரணம் என்று அடையாளம் காணப்பட்டிருக்கிறது.

விலங்குக்குப் பதிலாக என்ன?

நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த செல்களை ஆய்வகத்தில் முப்பரிமாணக் குட்டிக் கட்டிகளாக வளர்க்கலாம். இவற்றுக்கு ஆர்கனாய்டு என்று பெயர். 2018-ல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளிடமிருந்து இப்படி வளர்த்துக் காட்டினார்கள். நோயாளியின் கட்டியில் இருந்த மரபணு மாற்றங்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. பல மருந்துகளை ஒரே நேரத்தில் சோதிக்கலாம். "உங்கள் கட்டிக்கு எந்த மருந்து?" என்ற கேள்விக்கு எலியைவிட இது நெருக்கமான பதிலைத் தரக்கூடும்.

சட்டமும் மாறிவருகிறது. அமெரிக்காவில் 1938-ம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த விலங்குப் பரிசோதனைக் கட்டாயத்தை, 2022 டிசம்பரில் கையெழுத்தான சட்டத் திருத்தம் நீக்கியது. இந்தியாவிலும் 2023 மார்ச்சில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் திருத்தப்பட்டன. செல் அடிப்படையிலான சோதனை, உறுப்பு சிப், கணினி மாதிரி போன்ற வழிகளையும் பயன்படுத்தலாம் என்று அது வழிவிட்டது. விலங்கைப் பயன்படுத்தக் கூடாது என்று இரண்டு சட்டமும் சொல்லவில்லை. விலங்கு மட்டுமே வழி என்பதைத்தான் எடுத்திருக்கின்றன.

ஆனால் ஆர்கனாய்டுக்கு ரத்த ஓட்டம் இல்லை. கல்லீரலும் சிறுநீரகமும் இல்லை. முழுமையான எதிர்ப்பு சக்தியும் இல்லை. சாய ரசாயனக் கதையை யோசித்துப் பாருங்கள். கல்லீரலில் மாறி, சிறுநீரில் இறங்கி, பையில் தங்கித்தான் அந்த நச்சு வேலை செய்தது. தனியாக வளர்த்த சிறுநீர்ப்பைச் செல் இதைச் சொல்லியிருக்குமா என்பது சந்தேகமே.

ஆக, எது சரி?

இந்த நோயின் வரலாறு இரண்டு தரப்புக்கும் முழு வெற்றி தரவில்லை.

கட்டியின் மரபணுவுக்கு எந்த மருந்து பொருந்தும், ஆன்டிபாடி மருந்து மனித செல்லில் சரியான இடத்தில் ஒட்டுமா போன்ற கேள்விகளில் மனித செல்களே எலியைவிட நம்பகமானவை. அங்கே விலங்கைக் குறைப்பதில் நஷ்டம் குறைவு. எஃப்.டி.ஏ ஆன்டிபாடி மருந்துகளில் தொடங்கியதன் தர்க்கமும் இதுதான்.

உடல் முழுக்கச் சம்பந்தப்பட்ட கேள்விகள் வேறு. நச்சு எங்கே மாறுகிறது, எதிர்ப்பு சக்தி எப்படி ஏமாறுகிறது, பல ஆண்டுகள் மருந்து சாப்பிட்டால் என்ன ஆகும் என்பவற்றுக்கு இப்போதைக்கு விலங்குக்கு முழு மாற்று இல்லை. இன்று இம்யூனோதெரபி மருந்துகள் குறிவைக்கும் பி.டி-1 என்ற புரதத்தின் வேலை, சுண்டெலி ஆய்வுகளிலிருந்துதான் தெரியவந்தது. அந்தக் கண்டுபிடிப்புக்காகத் தசுகு ஹோஞ்சோ 2018-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த வகை மருந்து ஒன்றும், என்ஃபோர்ட்டுமாப் வெடோட்டின் என்ற மருந்தும் சேர்ந்த சிகிச்சை, முற்றிய சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளின் சராசரி ஆயுளை 16.1 மாதத்திலிருந்து 31.5 மாதமாக உயர்த்தியது. 2023 டிசம்பரில் அதற்கு முழு அனுமதி கிடைத்தது.

"எலியில் வெற்றி" என்று செய்தி வந்தால் என்ன பார்க்கணும்?

• எந்த விலங்கு? எலியா, சுண்டெலியா, நாயா? ஒன்றில் வந்தது இன்னொன்றில் வராமல் போகலாம்.

• எவ்வளவு கொடுத்தார்கள்? மனிதர் சாப்பிடும் அளவோடு ஒப்பிட முடியுமா?

• எந்த வழியில் நடந்தது? அந்த வழி மனித உடலில் இருக்கிறதா?

• மனிதர்களிடம் சோதனை தொடங்கிவிட்டதா? இல்லையென்றால் "மருந்து கண்டுபிடிப்பு" என்ற தலைப்பு அவசரப்பட்டது.

விலங்கு ஆய்வு எதுவுமே தேவைப்படாத ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வருவதுதான் இந்த நோயின் முக்கிய அறிகுறி. ஒருமுறை வந்து நின்றுவிட்டாலும், "சூடு பிடிச்சிருக்கும்" என்று இளநீர் குடித்துவிட்டு விட்டுவிடக் கூடாது. குறிப்பாக, புகைப்பழக்கம் உள்ளவர்களும் சாயம், ரப்பர், பெயின்ட் தொழிலில் இருப்பவர்களும் உடனே சிறுநீரகவியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மேலோட்டமாக இருக்கும்போதே கண்டுபிடித்தால், சிறுநீர்ப்பையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.